டார்க் ஃபேன்டஸி காதல் நாவல்: பிரிவுக் கணக்கு முதல் புத்தகக் கண்காட்சி வரை

காதலர்கள் பிரிகிறார்கள். பல வருஷம் கழித்துச் சந்திக்கும்போது இருவருமே பழைய ஆட்கள் இல்லை. ஒருவர் மனுஷராகவே இல்லாமலும் போயிருக்கலாம். இப்படி இருட்டும் மாயமும் கலந்த டார்க் ஃபேன்டஸி காதல் கதை ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு, தமிழில் எழுதி மின்னூலாகவும் அச்சாகவும் கொண்டுவர நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி ஒரு நாவலை முடித்துவிட்டு எடிட்டர், டிடிபி (பக்க வடிவமைப்பு), பிரஸ், வரிப் படிவம், ஐஎஸ்பிஎன் (நூலுக்கான அடையாள எண்) என்று வாசல் வாசலாக ஏறி இறங்கியவள். விவரம் கேட்டால் சொல்ல ஆள் உண்டு. எதை முதலில் செய்வது, எதற்கு எத்தனை நாள் காத்திருப்பது என்று வரிசையாகச் சொல்லத்தான் ஆள் இல்லை. புதியவர்களின் காசும் நேரமும் போவது பெரும்பாலும் அந்த வரிசை தெரியாததால்தான்.

எழுத்து வேலையையும் தாள் வேலையையும் சேர்த்தே சொல்கிறேன். இந்த வகை நாவலில் இரண்டையும் பிரிக்க முடியாது. ஏன் என்பது மூன்றாம் படியில் தெரியும்.

1. முதல் அத்தியாயத்துக்கு முன்னால் பிரிவுக் கணக்கு

ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் அவன், வலப்பக்கம் அவள். பிரிந்த நாளிலிருந்து சந்திக்கும் நாள் வரை வருஷத்துக்கு ஒரு வரி. அந்த வருஷம் எதை இழந்தார், எதைக் கற்றார், வீட்டில் யார் செத்தார், உடம்பில் என்ன மாறியது, எந்தப் பழக்கம் விட்டுப்போனது, எந்தப் பெயரைச் சொல்வதை நிறுத்தினார். இவ்வளவுதான் பிரிவுக் கணக்கு.

என் நாவலையே எடுத்துக்கொள்கிறேன். களம் தூத்துக்குடிக் கரை, முத்துக்குளிப்பு நடந்த காலம். குளிப்பவர்கள் கனமான கல்லில் கால் வைத்துக் கடலுக்குள் இறங்குவார்கள். மேலே தோணியில் கயிறு பிடிக்க ஒருவர் நிற்பார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர் என்று நம்பப்பட்ட ஒருவரும் கூட இருப்பார். கடல்கட்டி என்று அவருக்குப் பெயர். என் நாயகி கடல்கட்டியின் மகள். ஆண் வேஷத்தில் தோணி ஏறி, கடலுக்குள் இறங்கிய காதலனுக்குக் கயிறு பிடித்தவள் அவள். கயிறு வெறுமையாக மேலே வந்தது. அவனுக்குக் கடலடியில் ஒரே ராத்திரி. அவளுக்குக் கரையில் 19 வருஷம்.

அவள் பக்கம் தானாக நிரம்பியது. அவன் பக்கத்தில் ஒரு ராத்திரிதானே என்று காலியாக விட்டிருந்தால், மாறியவள் ஒருத்தி, மாறாதவன் ஒருவன் என்று கதை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதனால் அவன் பக்கத்தை நாழிகைக் கணக்கில் நிரப்பினேன். எந்த நாழிகையில் எதைக் கொடுத்து மேலே வரும் வழியை வாங்கினான், எது போனபிறகு அது போனதே அவனுக்குத் தெரியவில்லை என்று. உங்கள் கதையில் கால அளவு வேறாக இருக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் நிரம்பும் வரை முதல் அத்தியாயத்தைத் தொடாதீர்கள்.

இங்கே புதியவர்கள் விழும் குழி, ஒருவரைச் சும்மா காத்திருக்க வைப்பது. 19 வருஷம் ஜன்னலோரம் நின்றாள் என்றால் அந்தப் பெண் வாசகர் மனசில் நிற்க மாட்டாள். அந்த வருஷங்களில் அவள் சமைத்தாள், கடன் அடைத்தாள், யாரையோ அடித்தாள், ஒருவேளை வேறொருவரை நேசித்தும் இருப்பாள். அதையெல்லாம் கணக்கில் எழுதுங்கள். நாவலில் கால்வாசி வந்தால் போதும்.

நம் அகப்பாடல்கள் பிரிவை உடம்பிலேயே காட்டின. வளை கழல்கிறது, தோள் மெலிகிறது, பசலை படர்கிறது. முல்லைத்திணைத் தலைவி கார்காலம் வந்தால் அவன் வந்துவிடுவான் என்று நாள் எண்ணுகிறாள். அந்தக் கார்காலம் வந்து போய், இன்னும் பதினெட்டு கார்காலம் போனால் அந்த உடம்பு என்ன ஆகும்? டார்க் ஃபேன்டஸி அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பேயும் பூதமும் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

செலவு: ஒரு நோட்டு. நேரம்: இரண்டு மூன்று வாரம் தாராளமாகக் கொடுங்கள்.

2. இருட்டுக்கு ஒரு விதி, விதிக்கு ஒரு விலை

பிரித்த சக்தி எதுவாக இருந்தாலும் மூன்று கேள்விக்கு ஒரு தாளில் பதில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அது எதை எடுக்கும்? எதைத் தொடாது? எடுத்ததைத் திருப்பித் தருமா, தந்தால் யார் விலை கொடுப்பது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எழுத ஆரம்பித்த கதைகள் முக்கால்வாசி தாண்டியதும் தடுமாறும். கண்ணீரோ முத்தமோ சாபத்தைத் தீர்த்து வைக்கும், வாசகர் ஏமாந்துபோவார்.

பொருளுக்குப் பஞ்சமே இல்லை. அணங்கு, சூர், சிரித்தே கொல்லும் கொல்லிப்பாவை, பழையனூர் நீலி, பனைமரத்து முனி என்று நம்மிடம் நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. இசக்கி, சுடலைமாடன், முனியாண்டி எல்லாம் இன்றைக்கும் குலசாமிகள். படையல் போடுகிற குடும்பங்கள் உண்டு, பெயர் வைத்த பிள்ளைகள் உண்டு. அந்தப் பெயரையும் உண்மையான கோயிலையும் வைத்து ஒரு வில்லனை உருவாக்காதீர்கள். அந்தக் கதைகளின் தர்க்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: அநியாயமாகச் செத்தவள் திரும்பி வருவாள், கொடுத்த வாக்கை மீற முடியாது, படையல் தவறினால் கணக்குக் கேட்கும். பெயரையும் ஊரையும் நீங்களே புதிதாக வையுங்கள். சாதிப் பெயர்களும் அப்படித்தான். ஒரு தொழிலைச் சொன்னாலே ஊருக்குள் சாதி தெரிந்துவிடும் இடத்தில், யாரைக் கெட்டவராகக் காட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

3. வயதுக் கணக்கு

இதைத் தாண்டிப் போகாதீர்கள். இந்த வகைக் கதைக்கென்றே உள்ள சட்டச் சிக்கல் இதுதான்.

சாபத்தாலோ கடலடிக் காலத்தாலோ ஒருவருக்கு வயது நின்றுபோவது நம் வகையில் சர்வசாதாரணம். பிரியும்போது அவள் 16, அவன் 17 என்று எழுதிவிட்டு, இருபது வருஷம் கழித்து ஒருவர் அதே உடம்போடு திரும்பி வந்தால், பிறந்த வருஷப்படி 36 என்று வாதாடிப் பயனில்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பாலியல் ரீதியாகக் காட்டும் எதையும் மின்னூல் தளங்கள் ஏற்பதில்லை. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு படத்தோடு நிற்காமல் எழுத்தையும் சேர்த்தே பேசுகிறது.

ஆகவே பிரியும் நாளிலேயே இருவருக்கும் 18 தாண்டியிருக்கட்டும். 20, 22 என்று வைத்தால் இன்னும் நிம்மதி. பிரிவுக் கணக்கின் முதல் வரியிலேயே வயதை எழுதிவிடுங்கள். பள்ளிக்கூடக் காதல்தான் கதைக்கு வேண்டும் என்றால், அந்தப் பகுதி பார்வையோடும் பேச்சோடும் நிற்கட்டும், திரும்பி வருபவர் வளர்ந்த உடம்போடு வரட்டும். கைப்பிரதி முடிந்தபிறகு வயதை மாற்றினால் பத்தாம் வகுப்பு, பூப்பு, கல்யாணப் பேச்சு என்று எல்லா இடத்திலும் நூல் பிடித்துத் திருத்த வேண்டிவரும்.

4. சந்திப்புக் காட்சி

இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். நாவலின் மூன்றில் ஒரு பங்கு முடிவதற்குள் சந்திக்க வையுங்கள். பிரிவு எப்படித் தீர்ந்தது என்பதைவிட, மாறிப்போன இருவர் ஒரே கூரையின் கீழ் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் கதையின் சத்து இருக்கிறது.

சந்திப்பில் மாற்றத்தைச் சொல்லாதீர்கள், ஒரு பொருளின் மேல் ஏற்றுங்கள். “அவள் முன்புபோல் இல்லை என்பதை உணர்ந்தான்” என்ற வரி எந்த நாவலிலும் வரலாம். கீழே இருப்பது என் கைப்பிரதியில் நின்ற வடிவம்:

“செம்பு பழைய ஆணியிலேயே தொங்கியது. அவள் இடக்கையால் எடுத்து நீட்டினாள். வலக்கை முந்தானைக்குள்ளேயே இருந்தது. அவன் கேட்கவில்லை. குடித்த தண்ணீர் உப்பா நல்லதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனும் சொல்லவில்லை.”

அவள் வலக்கையைக் கயிறு அறுத்திருக்கிறது. இழுபட்ட கயிற்றைக் கடைசிவரை அவள் விடவில்லை. அவன் கடலுக்குக் கொடுத்த விலை நாக்கின் ருசி. இரண்டும் வாசகருக்கு அப்போது தெரியாது. எழுபது பக்கம் தள்ளித் தெரியவரும்போது, இந்தப் பக்கத்தைத் திரும்பப் புரட்டிப் பார்ப்பார். பிரிவுக் கணக்கு கையில் இருந்ததால்தான் இடக்கை என்ற ஒரு சொல்லில் அதை வைக்க முடிந்தது. உங்கள் கணக்கிலிருந்தும் ஆளுக்கு ஒன்று எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நரை, தழும்பு, குரல், நடை எல்லாம் ஒரே காட்சியில் வந்தால் எதுவும் மனசில் தங்காது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். டார்க் என்பதால் கொடுமையைக் காதலாகக் காட்டலாம் என்று ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. பிரிவு ஒருவரைக் கொடூரமாக்கியிருக்கலாம்; அதைத் தாராளமாக எழுதுங்கள். எதிரில் இருப்பவர் வேண்டாம் என்று சொன்னதைக் கதை காதில் வாங்கவே இல்லை என்றால், அது காதல் நாவலாக நிற்காது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

5. யூடி போடுவதா, முழுதாக வெளியிடுவதா

தமிழில் புதியவர்கள் பலரும் ஏதாவது ஒரு சைட்டிலோ செயலியிலோ வாரம் மூன்று யூடி (அப்டேட், அதாவது புது அத்தியாயம்) என்று தொடராகத்தான் தொடங்குகிறார்கள். வாசகர்கள் உடனே பேசுவார்கள், எழுதும் பழக்கம் விடாது, அடுத்த எபிசோடுக்கு ஆள் காத்திருக்கும். நல்ல வழிதான். ஆனால் தொடங்கும் முன்பே இரண்டு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்று, அந்தத் தளத்தின் விதிமுறையை முழுதாகப் படியுங்கள். பதிவேற்றியதை ஒலிப்புத்தகமாக்கும் உரிமை, மொழிபெயர்ப்பு உரிமை, பணம் கட்டிப் படிக்கும் திட்டத்தில் சேர்த்தபின் எடுக்க முடியுமா என்பது எல்லாம் அங்கே இருக்கும். ஒரு பிரதியைச் சேமித்தும் வையுங்கள்.

இரண்டு, பிறகு அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் (கேடிபி என்பது நாமே நூலைப் பதிவேற்றும் அமேசான் பக்கம்; செலக்ட் என்பது மின்னூலை அங்கே மட்டும் விற்கும் ஒப்பந்தம்) போடும் எண்ணம் இருந்தால், அந்தக் காலத்தில் நாவலின் 10 சதவீதத்துக்கு மேல் வேறெங்கும் மின்வடிவில் படிக்கக் கிடைக்கக் கூடாது. தொடரை எடுத்துவிட்டோம் என்று நினைத்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் பிடிஎஃப் சுற்றிக்கொண்டிருக்கும். அதைக் காட்டித் தளம் விளக்கம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். பின்னால் மின்னூலாக விற்கும் எண்ணம் இருந்தால், முதல் சில அத்தியாயங்களை மட்டும் தொடராகப் போட்டு நிறுத்துவது மேல்.

6. கைப்பிரதியும் எடிட்டிங்கும்

எடிட்டரும் மெய்ப்பு பார்ப்பவரும் வேறு வேறு ஆட்கள். எடிட்டர் கதையின் ஓட்டத்தையும் பிரிவுக் கணக்கின் ஓட்டையையும் பார்ப்பார். மெய்ப்பு பார்ப்பவர் ஒற்று, சந்தி, எழுத்துப்பிழை பார்ப்பார். ஒருவரே இரண்டும் செய்கிறேன் என்றால் இரண்டு சுற்றாகச் செய்யச் சொல்லுங்கள். கட்டணம் சொல்லுக்கு இவ்வளவு அல்லது பக்கத்துக்கு இவ்வளவு என்று இருக்கும். பக்கம் என்றால் எந்த அளவுப் பக்கம் என்று கேளுங்கள். ஏ4 பக்கமும் புத்தகப் பக்கமும் ஒன்றல்ல. முதல் பத்துப் பக்கத்தை மாதிரியாகத் திருத்தித் தரக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். தொகை, தேதி, எத்தனை சுற்று என்பதை மின்னஞ்சலில் எழுதி, சரி என்று பதில் வாங்கி வையுங்கள். பிரிவுக் கணக்கின் நகல் ஒன்றை எடிட்டருக்குக் கொடுத்தால் அவர் வேலை பாதியாகும்.

எழுத்துரு விஷயத்தில் பெரிய தலைவலி ஒன்று இருக்கிறது. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய டிடிபி நிலையங்களில் இன்னும் யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில், ஸ்ரீலிபி எழுத்துருக்கள் ஓடுகின்றன. அங்கே மாற்றி, திருத்தி, மறுபடி யூனிகோடுக்குக் கொண்டுவரும்போது எழுத்துகள் உருமாறும். மாற்றி வந்த கோப்பில் நான்கு இடங்களைக் கட்டாயம் தேடிப் பாருங்கள்: ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கிறதா, துணைக்காலுக்குப் பதில் ‘ர’ விழுந்திருக்கிறதா, ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக இருக்கிறதா, ‘ஸ்ரீ’ உடைந்திருக்கிறதா. திரையில் பார்த்தால் சரியாகவே தெரியும். மின்னூலில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது, வரி முடிவில் கால் மட்டும் அடுத்த வரிக்குப் போய்த் தனியாக நிற்கும்.

மின்னூலுக்கு வேர்டு கோப்போ இபப் என்ற மின்னூல் வடிவக் கோப்போ கொடுங்கள், தமிழுக்குப் பிடிஎஃப் வேண்டாம். கிண்டில் ப்ரிவியூவர் என்ற இலவச மென்பொருளில் போன், டேப்லெட் இரண்டு அளவிலும் ஓட்டிப் பாருங்கள். அச்சுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருக்கள் இருக்கின்றன. காசு கொடுக்காமல் வணிக நூலிலும் பயன்படுத்தலாம்.

7. அட்டை

நடிகர், நடிகை படத்தை அட்டையில் போடாதீர்கள். தொடர்கதை உலகில் அது சகஜம். விற்கும் நூலில் அது வழக்குக்கு வழி. படக்களஞ்சியத்தில் வாங்கும் படமாக இருந்தால் உரிமத்தைப் பாருங்கள். ‘எடிட்டோரியல்’ (செய்திக்கு மட்டும்) என்று குறித்த படம் அட்டைக்கு ஆகாது. வாங்கிய ரசீதையும் உரிமப் பக்கத்தையும் பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். ஓவியரிடம் வரைந்து வாங்கினால், மின்னூல், அச்சு, விளம்பரம் மூன்றுக்கும் பயன்படுத்தும் உரிமை எனக்கு உண்டு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் காப்புரிமைப் பதிவுக்கும் இந்தத் தாள் உதவும்.

ஏஐ கொண்டு படமோ எழுத்தோ உருவாக்கியிருந்தால், கேடிபியில் பதிவேற்றும்போதே கேட்பார்கள்; உள்ளதைச் சொல்லுங்கள். மின்னூல் அட்டைக்கு 2560 பிக்சல் உயரம், 1600 அகலம். தலைப்பு கட்டைவிரல் அளவுப் படத்திலும் படிக்கும்படி இருக்க வேண்டும். இருட்டு அட்டையில் கருஞ்சிவப்பு எழுத்து போனில் தெரியாது.

8. கிண்டில் கணக்கு: எந்தத் தாள் முதலில்

கணக்கு திறக்கக் கட்டணம் இல்லை. வேண்டியவை பான், வங்கிக் கணக்கு, வரி விவரம். பான் இல்லாதவர்கள் ஆதாரை வைத்து வருமான வரித் தளத்தில் இ-பான் இலவசமாக எடுக்கலாம். ஆதார், பான், வங்கி மூன்றிலும் பெயரும் இன்ஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று நாவல் எழுதத் தொடங்கும்போதே பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் அதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

புனைபெயரில் எழுதுபவர்கள் கணக்கைப் புனைபெயரில் திறக்கக் கூடாது. கணக்கு உண்மைப் பெயரில் இருக்கட்டும். புத்தக விவரத்தில் ஆசிரியர் என்ற இடத்தில் புனைபெயரைப் போடுங்கள். வாசகருக்கு அது மட்டும்தான் தெரியும்.

அடுத்து டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவம். கேள்வி பதிலாக வரும், பத்து நிமிஷ வேலை. வெளிநாட்டு வரி எண் கேட்கும் இடத்தில் உங்கள் பான் எண்ணைக் கொடுங்கள். கொடுத்தால், அமெரிக்காவில் விற்கும் பிரதிகளின் ராயல்டியில் (ஆசிரியருக்கு வரும் பங்கில்) இந்திய ஒப்பந்தப்படி 15 சதவீதம் பிடிப்பார்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டால் 30 சதவீதம். தமிழ் மின்னூலுக்கு அமெரிக்காவில் வாசகர்கள் உண்டு, ஆகவே இது சின்ன விஷயம் அல்ல. கையெழுத்திட்ட வருஷத்துக்குப் பிறகு மூன்றாவது வருஷக் கடைசியோடு படிவம் காலாவதியாகும். போனில் நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

9. விலை, 90 நாள், எச்சரிக்கைக் குறிப்பு

ராயல்டி 35 சதவீதம் அல்லது 70 சதவீதம். இந்தியத் தளத்தில் 70 வேண்டும் என்றால் நூல் கேடிபி செலக்ட்டில் இருக்க வேண்டும். செலக்ட் என்பது 90 நாள் ஒப்பந்தம். நீங்கள் நிறுத்தாவிட்டால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அந்த 90 நாளில் 5 நாள் இலவசமாகக் கொடுக்கலாம். ஐந்தையும் வெளியீட்டு வாரத்திலேயே தீர்த்துவிடாதீர்கள். 70 சதவீதத்தில் கோப்பின் அளவுக்கு ஏற்ப அனுப்பும் கட்டணமும் கழிப்பார்கள், அதனால் உள்ளே கனமான படங்களை அடுக்காதீர்கள்.

பரிசீலனை 72 மணி நேரம் வரை ஆகலாம். பிறந்தநாள், பொங்கல் என்று தேதி அறிவித்திருந்தால் ஒரு வாரம் முன்னதாகவே அனுப்புங்கள். பணம் கைக்கு வர, விற்ற மாதம் முடிந்து சுமார் 60 நாள். ஜனவரியில் விற்றதற்குப் பணம் வர மார்ச் கடைசி ஆகிவிடும். எடிட்டருக்குக் கொடுக்க வேண்டியதை அந்தப் பணத்தை நம்பி ஒத்திப்போடாதீர்கள்.

முதல் பக்கத்தில் உள்ளடக்க எச்சரிக்கை போடுங்கள். வன்முறை, தற்கொலை எண்ணம், குழந்தை இழப்பு, பாலியல் காட்சி எது இருந்தாலும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். கதை வெளிப்பட்டுவிடுமே என்று பயப்பட வேண்டாம். சொந்த வாழ்க்கையில் அடிபட்ட ஒருவர் நள்ளிரவில் தனியாகப் படித்துக்கொண்டிருப்பார். அவருக்கு அந்த இரண்டு வரி வேண்டும். வயது வந்தோருக்கான நூல் என்றால் பதிவேற்றும் பக்கத்தில் வாசகர் வயது 18 என்று குறியுங்கள்.

10. காப்புரிமையும் பதிப்பக ஒப்பந்தமும்

எழுதிய கணமே காப்புரிமை உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை. தகராறு வந்தால் சான்றாக நிற்கும் என்பதற்காகத்தான் பதிவு. காப்புரிமை அலுவலகத் தளத்தில் படிவம் 14, இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். டைரி எண் (விண்ணப்பத்துக்கான எண்) கொடுப்பார்கள். ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருந்த பிறகுதான் பரிசீலனையே தொடங்கும். வெளியீட்டை இதற்காக நிறுத்திவைக்க வேண்டாம். கருவுக்குக் காப்புரிமை கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். கடலுக்குள் போனவன் திரும்பி வருகிறான் என்பதை யாரும் எழுதலாம். நீங்கள் எழுதிய விதம்தான் உங்களுடையது.

உரிமை ஆசிரியரின் ஆயுள் காலமும் அதற்குப் பின் 60 வருஷமும். புனைபெயரில் வெளியிட்டு யார் என்று சொல்லாமலே விட்டால் வெளியான வருஷத்திலிருந்து 60 வருஷம்தான். எங்காவது ஒரு பதிப்பில் இயற்பெயரைப் பதிந்து வைப்பது பிள்ளைகளுக்கு நல்லது.

பதிப்பகம் கேட்டு வந்தால் சந்தோஷம்தான், ஆனால் வாய்ப்பேச்சு செல்லாது. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிராத பட்சத்தில், அது காலாவதியாகும். ‘சகல உரிமைகளும்’ என்ற ஒரு வரி மட்டும் இருக்கும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் என்று தனித்தனியாக எழுதச் சொல்லி, தேவையானதை மட்டும் கொடுங்கள்.

11. அச்சுப் பிரதி

கேடிபியின் அச்சு வசதி இந்தியத் தளத்துக்கு இல்லை. ஆகவே தேவைக்கேற்ப அச்சிடும் நிறுவனம் அல்லது மொத்தமாக அச்சிடும் ஆஃப்செட் பிரஸ். நூறு பிரதிக்குள் என்றால் முதலாவது. ஐந்நூறு விற்கும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும் இரண்டாவது.

பிரஸ்காரர் ஃபாரம் கணக்கில்தான் பேசுவார். டெம்மி என்ற வழக்கமான நாவல் அளவில் ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிபடும் தொகுதி, 16 பக்கம். 50,000 சொல் நாவல் ஏறக்குறைய 250 பக்கம் வரும். 256 பக்கம் என்றால் சரியாக 16 ஃபாரம். 259 வந்தால் 17ஆவது ஃபாரத்துக்கும் காசு, 13 பக்கம் வெறுமை. மெய்ப்பு நிலையிலேயே மூன்று பக்கம் குறையுங்கள். அத்தியாயத் தலைப்புக்கு மேல் விடும் இடத்தை ஒரு வரி குறைத்தாலே பெரும்பாலும் முடிந்துவிடும். விலைப்பட்டியல் கேட்கும்போது டிடிபி, உள்தாள் எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் கனம்), மேப்லித்தோவா (வெள்ளைத் தாள்) நேச்சுரல் ஷேடா (இளமஞ்சள் தாள்), அட்டை, லேமினேஷன், பைண்டிங், லாரி வாடகை எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மூன்று இடத்தில் கேட்டால் நியாயமான விலை புரிந்துவிடும்.

புத்தக விலை அச்சுச் செலவின் மூன்று மடங்காவது இருக்கட்டும். கடைக்கழிவு 35 சதவீதம் போனால் 300 ரூபாய்ப் புத்தகத்தில் 195 மிஞ்சும். அதில் 100 அச்சுக்கு. மீதியில்தான் எடிட்டிங், கூரியர், விற்காமல் தேங்கும் பிரதி எல்லாம். லெண்டிங் லைப்ரரிகளை மறக்காதீர்கள்; காதல் நாவல் வாசகர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

அச்சு நூலுக்கு ஐஎஸ்பிஎன் எடுங்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது; காசு கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, தலைப்புப் பக்க மாதிரி தயாராக இருக்கட்டும். எண் வர வாரங்கள் ஆகலாம், அதனால் தலைப்பு முடிவானதும் விண்ணப்பியுங்கள். கிண்டில் மின்னூலுக்கு இது அவசியமில்லை.

சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வரும். நவம்பர், டிசம்பரில் பிரஸ்களில் இடமே கிடைக்காது. அதனால் அட்டை உள்பட எல்லாக் கோப்பும் அக்டோபர் முதல் வாரத்தில் பிரஸ்ஸில் இருக்க வேண்டும். அப்படியானால் எடிட்டர் கைக்குக் கைப்பிரதி ஜூன் மாசமே போயிருக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு இந்த வருஷம் எட்டாது என்றால் அவசரப்படாமல் ஈரோடு, மதுரை புத்தகத் திருவிழாக்களைக் குறிவையுங்கள்.

புத்தகம் வெளியான 30 நாளுக்குள் ஒரு கடமை பாக்கி இருக்கிறது. 1954 நூல் வழங்கல் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் நான்குக்கும் தலா ஒரு பிரதி சொந்தச் செலவில் அனுப்ப வேண்டும். பைண்டிங் முடிந்து பண்டல் வந்ததும் முதல் நான்கு பிரதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அனுப்பிய ரசீதையும் அவர்கள் தரும் ஒப்புகையையும் ஒப்பந்தங்கள் இருக்கும் அதே ஃபைலில் போட்டுவையுங்கள்.